"கெட்டது கெட்டதுதான்" என்போருக்கு

மரபணுப் பிறழ்வோடு பிறந்த மூளை தவறாகவே கட்டப்பட்டுவிடுகிறது, வளர்ந்தபின் அதைத் திருத்த வழியில்லை. இதுதான் வாதம். ரெட் நோய்க்குறி கொண்ட பெண் குழந்தைகளின் பெற்றோரிடம் இதைச் சொல்லிக் கைவிரிப்பது கொடுமை.

1. சிதைவும் சாவும் ஒன்றா? ரெட் நோய்க்குறிக்குக் காரணமான மெக்பி2 மரபணு செயலிழந்த சுண்டெலிகளில் நரம்பணுக்கள் கூட்டமாகச் சாவதில்லை. சிறுத்துப்போகின்றன, கிளைகள் குறைகின்றன, அவ்வளவே. உயிரோடிருக்கும் அணுவை எப்படி இடிந்த வீடு என்கிறீர்கள்?

2. 2007இல் எடின்பரோவில் மரபியலாளர் ஏட்ரியன் பேர்டின் குழு செய்ததைப் பாருங்கள். அந்த மரபணுவைப் பூட்டிவைத்து எலிகளை வளர்த்தார்கள். அவை நடுங்கின, மூச்சு தடுமாறியது. வாலைப் பிடித்துத் தூக்கினால் பின்கால்களை இறுகப் பின்னிக்கொண்டன. நோய் முற்றியபின் டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்துப் பூட்டைத் திறந்தார்கள். சாகவிருந்த எலிகள் எழுந்து நடமாடின. பெண் எலிகளின் மூளையில் நரம்பிணைப்புகள் வலுப்பெறும் திறனும் மீண்டது. கட்டடமே தவறு என்றால் இது எப்படி நடந்தது?

3. "எலி மனிதரல்ல." சரி. ஆனால் "முடியவே முடியாது" என்று சொன்னது நீங்கள். அதை உடைக்க எலி போதும்.

4. உண்மையான சிக்கல் அளவு. மரபணுவை ஒரேயடியாகத் திறந்தபோது பல எலிகள் செத்தன, படிப்படியாகத் திறந்தபோது பெரும்பாலானவை பிழைத்தன. மனிதரிலும் இதே மரபணு இரட்டித்தால் வேறொரு கடும் நோய் வரும். எவ்வளவு கொடுப்பது, எந்த அணுவுக்குக் கொடுப்பது என்று வாதிடுங்கள்.