மாயர்கள் எங்கேயும் போகவில்லை

'ஒரே இரவில் காணாமல் போன நாகரிகம்', 'விடை தெரியாத மாயன் மர்மம்' என்கிற மாதிரித் தலைப்புகளைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பாகிறது. பின்னணியில் திகில் இசை, காட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் கோயில் உச்சி, 'அந்த மக்கள் எங்கே போனார்கள்?' என்று தழுதழுத்த குரலில் ஒரு கேள்வி.

எங்கேயும் போகலை சார். குவாத்தமாலாவின் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை மாயர் என்று பதிந்திருக்கிறார்கள். மெக்சிகோவிலும் பெலீஸிலும் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. சுமார் 30 மாயன் மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. இவ்வளவு பேர் சந்தைக்குப் போய், சோளம் விதைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது 'மறைந்த இனம்' என்று சொல்வதை வெறும் அறியாமை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

முதலில் அந்த 'ஒரே இரவு' எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். தோஸ் பிலாஸ் நகரின் அரசு 761இல் வீழ்ந்தது. கோப்பானில் 822ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒரு பலிபீடக் கல்லைச் செதுக்கத் தொடங்கி, ஒரு பக்கத்தை முடித்து, அடுத்ததில் கை வைத்ததோடு சிற்பி நிறுத்திவிட்டார். டிக்காலின் கடைசித் தேதியிட்ட கல் 869. டோனினாவில் 909. ஆக, கிட்டத்தட்ட 150 வருஷம். ஆறு தலைமுறை பிறந்து, வாழ்ந்து, செத்துப்போகிற காலத்தை ஒரே இரவு என்கிறோம்.

அந்த 150 வருஷத்தில் விழுந்தது என்ன? என் பார்வையில், விழுந்தது ஓர் இனமல்ல, ஓர் ஒப்பந்தம். 'குஹுல் அஹாவ்', அதாவது புனித அரசர் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் சனங்களிடம் வைத்த பேரம் எளிமையானது: நான் தெய்வங்களோடு பேசுகிறேன், மழை வரும், நீ சோளம் கொடு, கல் சும, போருக்கு வா. போர் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. 562இல் டிக்கால் கலக்முல் அணியிடம் தோற்றது. 695இல் டிக்கால் திருப்பி அடித்தது. 738இல் கோப்பானின் அரசரை, அவருக்குக் கீழே இருந்த கிரிகுவாவின் தலைவரே பிடித்துத் தலையை வெட்டினார். தோஸ் பிலாஸில் கடைசியாக இருந்தவர்கள் செய்ததுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. அரண்மனையிலிருந்தும் கோயில்களிலிருந்தும் கல்லைப் பெயர்த்து, அவசர அவசரமாகப் பாதுகாப்புச் சுவர் எழுப்பினார்கள். அரசரின் பெருமை அன்று வெறும் கல்லாகிவிட்டது.

இதற்கு நடுவில் வறட்சி. சிச்சான்கனாப் ஏரியின் அடிமண்ணும் பெலீஸ் குகை ஒன்றின் சுண்ணாம்புப் படிவங்களும் அந்த நூற்றாண்டுகளில் மழை பொய்த்ததைக் காட்டுகின்றன. டிக்காலில் ஆறு கிடையாது; தேக்கி வைத்த மழைநீர்தான் உயிர். அரண்மனையை ஒட்டிய நீர்த்தேக்கங்களின் வண்டலில் பாதரசம் கிடைத்திருக்கிறது. சுவர்களுக்குப் பூசிய சாதிலிங்கச் சிவப்பு மழையில் கரைந்து இறங்கியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குடிக்கிற தண்ணீரில் அரண்மனையின் அலங்காரமே விஷமாக இறங்கியிருக்கிறது.

'அப்போ யாருமே சாகலையா?' என்று கேட்பீர்கள். செத்தார்கள். பசியிலும் போரிலும் செத்தார்கள். தெற்குத் தாழ்நிலங்களில் மக்கள்தொகை பயங்கரமாகச் சரிந்தது. அதை மறைத்து, எல்லோரும் கைகோத்து நடந்து போனார்கள் என்று நான் இனிப்புத் தடவவில்லை. ஆனால் மிஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதானே? மழை தராத அரசருக்குக் கல் சுமப்பதை நிறுத்தினார்கள். வேறு இடம் பார்த்தார்கள். தெற்கைவிட மழை குறைந்த வடக்கில், அதே காலத்தில்தான் சிச்சேன் இட்சா வளர்ந்தது. அது தளர்ந்தபின் மாயபான். இட்சா மக்களின் தீவு நகரமான நோஹ்பெதேனை ஸ்பானியர் பிடித்தது 1697இல். 'காணாமல் போனவர்களை'த் தோற்கடிக்க ஐரோப்பியர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நமக்கு விஷயம் தெரியாமல் போனதற்கும் ஆள் இருக்கிறது. 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் மாயர்களின் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அதே லாண்டா அரைகுறையாக எழுதிவைத்த எழுத்துப் பட்டியலைக் கொண்டுதான் 1952இல் யூரி நோரோசோவ் அந்த எழுத்தைப் படிக்க வழி திறந்தார். எரித்ததை எரித்தது என்று சொல்லாமல் 'மர்மம்' என்று சொன்னால், கொளுத்திய கை தப்பித்துக்கொள்கிறது.

1841லேயே ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ், இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் அங்கே வாழும் மக்களின் முன்னோர்தான் என்று எழுதிவிட்டார். கோப்பானின் இடிபாடுகளை 50 டாலருக்கு விலை பேசிய அதே மனிதர். அப்புறமும் 1968இல் எரிக் வான் டானிகென், பகால் அரசரின் கல்பேழை மூடியைக் காட்டி விண்வெளி வீரர் என்றார். உலகம் நம்பியது. பக்கத்தில் நிற்கிற விவசாயியின் தாத்தன் கட்டினான் என்பதைவிட வேற்றுக்கிரகவாசி கட்டினான் என்பது பலருக்கு வசதி.

அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ போனார்கள் என்று 1999இல் உண்மை அறியும் ஆணையம் கணக்கிட்டது. முழுமையாக அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயர்கள். 1981–83இல் அரசு நடத்தியது இனப்படுகொலை என்றும் சொன்னது. 2013 மே மாதம் ரியோஸ் மோன்ட்டுக்கு 80 ஆண்டு சிறைத்தண்டனை. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் காணாமல் போனவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற காணொளிகள், இருபதாம் நூற்றாண்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதில் நம்மவர்கள் பங்கு வேறு. 'மயன்தான் மாயன், ஆக மாயர்கள் தமிழர்களே' என்று ஓசையை வைத்து உறவு கொண்டாடுகிறார்கள். டிக்கால்காரரும் கோப்பான்காரரும் தங்களை அவரவர் நகரத்தின் பெயரால்தான் அறிந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து 'மாயா' என்பது பிற்பாடு வந்து ஒட்டிய பெயர். அதைக்கூடப் பார்க்காமல் ஒரு பிரமிடைச் சொந்தம் கொண்டாடுகிறோம். சரி, சொந்தம்தான் என்றே வைத்துக்கொள்வோம். 1982இல் இஷில் கிராமங்கள் எரிந்தபோது இந்தச் சொந்தம் எங்கே போயிருந்தது? கோபுரத்துக்கு மட்டும் பங்காளி, சாவுக்கு வராத பங்காளி என்றால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

தன் வரலாற்றை அடுத்தவன் திருடும்போது கோபப்படத் தெரிந்த சமூகம் நாம். அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை இவர்களுக்கும் தரலாம். குவாத்தமாலா மேட்டுநிலத்தில் 260 நாள் கொண்ட பழைய நாட்கணக்கை இன்றும் விடாமல் எண்ணிவரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்து வரும் கணக்கு அது. அடுத்த முறை 'மாயர்கள் எங்கே?' என்று யாராவது கேட்டால், அந்தப் பெரியவர்களின் ஊருக்கு வழி சொல்லுங்கள்.