ஆதிசேஷன் தலை மாற்றினானா?

2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமிக்குக் காரணம் ஆதிசேஷன் தலை மாற்றியதும் ஜனங்களின் பாவமுமே என்று பாவூர்சத்திரத்தில் ஒரு பாகவதர் இன்றும் காலட்சேபம் செய்கிறார். நாகப்பட்டினத்து மீனவர் குழந்தைகள் செய்த பாவம் என்ன? பாவூர்சத்திரத்துக்காரர்கள் நனையாமல் தப்பியது புண்ணியத்தாலா? எங்கள் சந்தைத் தராசுகளைப் பார்த்தவர்கள் ஒப்பமாட்டார்கள்! இப்புரட்டு புதிதல்ல. 1934-ல் பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை என்று காந்தியாரே சொல்ல, தாகூர் கண்டித்தார்.

நடந்ததென்ன? நாம் குடியிருக்கும் இந்தியத் தட்டு, சுமத்ரா - அந்தமான் பக்கம் பர்மா தட்டுக்கு அடியில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் அமிழ்கிறது. மேல்தட்டு அதோடு ஒட்டி வளைந்து, ஒருநாள் தாங்காமல் விடுபட்டு நிமிரும்போது கடலைத் தூக்கியெறிகிறது. இவ்வமிழ்தலுக்கு ‘சப்டக்ஷன்’ என்று பெயர். லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே. ‘டூக்கெரே’ என்றால் இட்டுச்செல்லுதல். 1951-ல் ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்த அம்ஸ்டுட்ஸ் என்பவர் இதைப் புவியியலில் புகுத்தினார். சொல் பொருந்தாவிட்டால் நாளைக்கே மாற்றலாம்; எவரும் நரகத்துக்குப் போகமாட்டார்கள். ஆதிசேஷனை அப்படி மாற்ற விடுவார்களா?

பூமி அதிர்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்தே அலை நம் கரையில் மோதிற்று. எச்சரிக்க இந்துமாக்கடலில் அன்று ஏற்பாடில்லை. ஐதராபாத் நிலையம் 2007-ல்தான் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8000 பேர் மாண்டார்கள். ஒரு மைல் உள்ளே நடந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் யார் பாவக்கணக்கு என்று பாகவதர் அடுத்த காலட்சேபத்தில் சொல்லட்டும்.