நண்பனுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டா?

ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். கல்யாணம் டவுனில் இல்லை. பக்கத்தில் வில்பட்டியில், ஒரு ரிசார்ட்டில். மலைச்சரிவில் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். நாம் ஜன்னலைத் திறந்து மேகத்தை போட்டோ எடுக்கும்போது, கீழே ஒருவர் குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. தோழர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே நிறத்தில் குர்தா. முதல் நாள் ராத்திரி, ஆளுக்கொரு மரப்பெட்டியை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். உள்ளே பெர்ஃப்யூம், கூலிங் கிளாஸ், மணமக்கள் படம் அச்சடித்த காபி கப், கீ செயின், முழுக்கைச் சட்டையில் மாட்டுகிற கஃப் லிங்க். குர்தா போட்டவனுக்கு எதற்கு கஃப் லிங்க் என்று கேட்கக் கூடாது. பேக்கேஜில் அப்படித்தான் வருமாம். தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை இல்லை, ஈவென்ட் மேனேஜர்.

மறுநாள் எல்லோரும் அறையைக் காலி செய்தபிறகு, கூட்டிப் பெருக்குகிற அம்மா என்னைக் கூப்பிட்டார். உள்ளூர்க்காரர். "சார், பசங்க மறந்துட்டுப் போய்ட்டாங்க போல. போன் பண்ணிச் சொல்லுங்க" என்று மூன்று பெட்டிகளைக் காட்டினார். திறந்து பார்த்தேன். பெர்ஃப்யூமும் கண்ணாடியும் போயிருந்தன. கப்பும் கீ செயினும் தெர்மகோலும் மிச்சம். 'மறக்கலம்மா, விட்டுட்டுப் போயிருக்காங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லுங்கள், அந்தப் பெட்டி எங்கே போகும்? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கூட்டம் தாங்காமல், 2024 மே 7 முதல் இந்த மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மலை ஏறுகிற வண்டியை எண்ணலாம். அதன் டிக்கியில் ஏறுகிற நன்றியுணர்ச்சியை யார் எண்ணுவது?

ஆனால், குப்பை பற்றி மட்டும் பேச இதை எழுதவில்லை. அந்த மூன்று பையன்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். அந்தப் பெட்டியில் அவர்களுக்கென்று எதுவும் இல்லை. அதனால்தான் விட்டுவிட்டுப் போனார்கள். ஏழு பெட்டியையும் கலைத்துப் போட்டு மறுபடி கொடுத்திருந்தால்கூட யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

கல்யாணத்தில் கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதுசா என்ன? மொய் நோட்டு வைத்து எழுதுகிற ஜனம் நாம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே வைக்கிறார்கள். கறிச்சோறு போட்டு, மொய் வாங்கி, நோட்டில் ஏற்றி, பிறகு அவரவர் விருந்தில் கூடுதலாகத் திருப்பிச் செய்கிறார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இது கடன், எழுதி வைத்திருக்கிறேன், திருப்பித் தருவேன் என்று வெளிப்படையாகச் சொல்கிற ஏற்பாடு அது.

அதே மண்டபத்தில் நோட்டில் ஏறாத சமாசாரம் ஒன்று உண்டு. விடிகாலையில் ரயிலடிக்குப் போய் உங்கள் பெரியப்பாவைக் கூட்டி வருகிறவன். வாழைமரம் கட்டுகிறவன். பந்தியில் ஆள் குறைந்தால் சாம்பார் வாளியைத் தூக்குகிறவன். குடித்துவிட்டு வம்பு பண்ணுகிற சித்தப்பாவை நைசாக மாடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறவன். நண்பன். இவனுக்கு நோட்டில் எந்தப் பக்கம்? பக்கமே கிடையாது. அதுதான் நட்பின் கௌரவம்.

இப்போது அவனையும் நோட்டில் ஏற்றிவிட்டோம். நீ வந்தாய், குர்தா போட்டாய், ஆடினாய். இந்தா உன் பெட்டி. கணக்கு தீர்ந்தது.

'ஏன் சார், மாப்பிள்ளைத் தோழனுக்கு மோதிரம் போடுகிற வழக்கம் நம்மிடமே இருக்கே?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் ஊரில் பல சமூகங்களில் மாப்பிள்ளைத் தோழன் என்றால் பெண்ணின் தம்பியோ அண்ணனோதான். யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களிலும் அப்படித்தான். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போவான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். காலைக் கழுவச் சொல்வது சரியா என்று தனியாக ஒரு சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால், அந்த மோதிரம் எதற்கு என்று பாருங்கள். நாளைக்குப் பிறக்கப்போகிற குழந்தைக்கு அவன் தாய்மாமன். மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டியவன். மோதிரத்தோடு கணக்கு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கினார். நட்பைப் பற்றி, நட்பு தொடங்கி கூடா நட்பு வரை, ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள். அதில் ஆதாயத்தை எடைபோட்டுப் பழகுகிறவரைத் திருடனோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறார். ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு ஒரு குறள்கூட இல்லை.

இந்த இடத்தில் சில பெரிசுகள் என் பக்கம் சேர்ந்துகொள்ளப் பார்ப்பார்கள். 'கரெக்ட்! நண்பனுக்கு எதுக்கு நன்றி? தேங்க்ஸ் சொன்னா அவனுக்கே கோபம் வரும்.' மன்னிக்கவும், உங்களோடும் எனக்குச் சண்டைதான். அந்த வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாம் செய்த துரோகம் கொஞ்சமில்லை. என் கதையையே சொல்கிறேன்.

என் கல்யாணம் திண்டுக்கல்லில். முகூர்த்தத்தன்று விடிகாலை பால் வரவில்லை. என் நண்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எங்கெங்கோ தட்டி எழுப்பி, இரண்டு கேன் பாலோடு வந்தான். பிறகு பந்தி, பிறகு பாத்திரக் கணக்கு, பிறகு வாடகை நாற்காலி. சாயங்காலம் கைகுலுக்கி அனுப்பினேன். நண்பனுக்கு எதுக்கு நன்றி? இருபத்தைந்து வருஷம் கழித்து, வேறொரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் கல்யாணத்துல நான் சாப்பிடவே இல்லடா. நீ கேக்கவும் இல்ல."

எனக்கு அதற்கப்புறம் இலையில் கை ஓடவில்லை. கால் நூற்றாண்டு அதை அவன் மனசில் வைத்திருந்தான். அவன் எதிர்பார்த்தது கூலிங் கிளாஸா, கஃப் லிங்க்கா? ஒரு வார்த்தை. அதற்குப் பைசா செலவில்லை. அதைத்தான் நான் தரவில்லை. இப்போது பெட்டி கொடுக்கிற பையன் என்னைவிட மேல் என்றே ஒப்புக்கொள்கிறேன். ஏதோ தரவேண்டும் என்றாவது அவனுக்குத் தோன்றியதே.

அதனால் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்துக் கொடுங்கள் என்கிறேன். 2018-ல் பெட்ரோல் விலை ஏறிக் கிடந்தபோது கடலூர் மாவட்டத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு அவருடைய நண்பர்கள் மேடையேறி ஐந்து லிட்டர் பெட்ரோலைப் பரிசாகக் கொடுத்தார்கள். மண்டபமே சிரித்தது. அந்த கேனில் நட்பு இருந்தது, குறும்பு இருந்தது, நாட்டு நடப்பும் இருந்தது. அந்தப் பெட்ரோல் எப்போதோ தீர்ந்திருக்கும். பரிசு தீர்ந்திருக்காது.

மலையில் கல்யாணம் வைக்கிறீர்களா? பூண்டு விளைகிற இடம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கி, மஞ்சப்பையில் போட்டு, 'உங்க அம்மாகிட்ட குடுடா' என்று நண்பன் கையில் கொடுங்கள். அந்த அம்மா குழம்பு வைக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் பெயர் அந்த வீட்டில் அடிபடும். காசும் வில்பட்டிக்காரர் கைக்குப் போகும். கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஒரு செட் கம்பி வாங்குங்கள். பைக் வாங்கக் கடன்பட்டவனுக்கு ஒரு மாசத் தவணையைக் கட்டுங்கள், யாருக்கும் தெரியாமல். ஏழு பேருக்கு ஏழு விதமாக யோசிக்க நேரமில்லையா? அப்படியானால் உங்களுக்கு ஏழு நண்பர்கள் இல்லை. ஏழு குர்தாக்கள்தான் இருக்கின்றன.

முக்கியமாக ஒன்று. மேடையில் வரிசை நீண்டுகொண்டே போகும். போட்டோகிராபர் 'இங்க பாருங்க சார்' என்று கத்துவார். கழுத்தில் மாலை கனக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் கூட்டத்தில் அவன் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி.

"சாப்பிட்டியாடா?"