மலைப் பயணத்தில் கடைசியாக நடப்பவர்

நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி இமயமலைக்குச் செல்லத் திட்டமிடுவது இப்போது நம்மிடையே பெருகி வருகிறது. புறப்படுமுன் எங்களிடம் ஆலோசனைக்கு வருவோரும் உண்டு. ஆனால் அவர்களுள் பலர் பயணச்சீட்டு, வழிகாட்டி, காலணி என அனைத்தையும் முடித்துவிட்டு, இறுதி வாரத்தில் வந்து ‘என்ன மாத்திரை கொண்டு போகலாம்?’ என்று கேட்கின்றனர். கேள்வி தவறன்று, கேட்கும் காலமே தவறு. உயர்ந்த மலையில் உடலைக் காப்பது முதலில் பயண அட்டவணை, அதன் பின்னரே மாத்திரை என்பது எங்கள் கருத்து.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். நடை தொடங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடுத்த பெரிய ஊரான நாம்சே பஜார் சுமார் 3,440 மீட்டர். அடிவார முகாம் 5,364 மீட்டர். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்தான். நம் மலை முடிந்த உயரத்துக்கும் மேலேதான் அந்தப் பயணமே தொடங்குகிறது. ஆகவே, ‘ஊட்டியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அங்கே சான்றாகாது.

உயரம் கூடும்போது காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தமே குறைகிறது. 5,500 மீட்டர் அளவில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். எனவேதான் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் மறுநாளும் தங்க வேண்டும் என்றும் மருத்துவ உலகம் அறிவுறுத்துகிறது. விடுமுறை போதாதபோது நண்பர்கள் முதலில் வெட்டுவது இந்த ஓய்வு நாட்களைத்தான். இதை நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். விடுமுறை போதவில்லையெனில் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஓய்வைக் குறைக்காதீர்கள்.

உடற்பயிற்சியும் இளமையும் இந்நோய்க்குக் கவசமல்ல. யாரைத் தாக்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லவும் இயலாது. ‘நல்ல வழிகாட்டி இருந்தால் போதுமே’ என்பர் சிலர். வழிகாட்டி அவசியந்தான், ஆயினும் ஒருவர் மறைக்கும் தலைவலி அவர் கண்ணுக்குத் தெரியாது. ‘என்னால் மற்றவர்களின் பயணம் கெடக் கூடாது’ என்ற நல்லெண்ணமே அதை மறைக்கச் செய்கிறது. நட்பு உயிருக்குப் பகையாவது இவ்விடத்தில்தான்.

ஆதலால், ஊரிலிருக்கும்போதே நண்பர்கள் மூன்று உடன்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, தலைவலி, குமட்டல், மயக்கம், மிகுந்த சோர்வு ஆகியவற்றை யாரும் மறைக்கலாகாது. அவை நீங்கும்வரை மேலே ஏறலாகாது. இரண்டாவது, நோயுற்றவர் தனியே இறங்கக் கூடாது. யாருக்கு யார் துணை என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது, பேச்சில் குழப்பமோ, நேர்கோட்டில் நடக்க இயலாத தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறலோ கண்டால், இரவென்றும் பாராமல் உடனே கீழிறங்க வேண்டும். இவை மூளை வீக்கத்துக்கும் நுரையீரலில் நீர் கோப்பதற்கும் அறிகுறிகள். சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்க வல்லவை. அந்த உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் காப்பீடு பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலையால் லுக்லா விமானங்கள் அடிக்கடி நின்றுபோவதால், திரும்பும் நாளை நெருக்கி வைக்காதீர்கள்.

இதயநோய், நுரையீரல் நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும் கருவுற்ற தாய்மாரும் பயணச்சீட்டு வாங்குமுன்னரே மருத்துவரைக் காண வேண்டும். உயர்மலை நோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு எல்லோருக்கும் ஏற்றதன்று. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவசியம் தெரிவிக்க வேண்டும். நண்பருக்குத் தந்த மாத்திரையை நீங்கள் வாங்கி உண்ணாதீர்கள்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு சொல். தொலைபேசியில் ‘எவ்வளவு தூரம் ஏறிவிட்டாய்?’ என்பதற்கு முன், ‘தலை வலிக்கிறதா? இரவு உறங்கினாயா?’ என்று கேளுங்கள். பாதி வழியில் திரும்பி வந்தவரை ‘ஏன் முடிக்கவில்லை?’ என்று எவரும் கேட்க வேண்டாம். கடைசியாக நடப்பவரின் வேகத்தில் நடந்து, சென்றவர் அனைவரும் ஒன்றாக வீடு திரும்பினால், அந்தப் பயணம் முழுமையடைந்தது என்றே நாங்கள் கொள்வோம்.