ஓடாதவன் சோம்பேறியா?

திமிதர் பெர்படோவை நம்மில் பலர் டி.வி-யில் பார்த்தது 2017-ல், கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையில். அப்போது வயது 36. ஐ.எஸ்.எல்-லில் அடித்தது ஒரே ஒரு கோல். ‘ஆளு நகரவே மாட்டேங்கறாரே!’ என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கொச்சியில் அவர் சோபிக்கவில்லை என்பது உண்மை. கால்களுக்கு வயதாகிவிட்டது. ஆனால், இதே ‘நகர மாட்டேங்கறார்’ முத்திரையை இருபத்தேழு வயதிலேயே இங்கிலாந்தில் குத்திவிட்டார்களே, அதோடுதான் எனக்குத் தகராறு.

பல்கேரியாவின் ப்ளகோயெவ்கிராட் ஊர்க்காரர். அப்பா ஃபுட்பால் ஆடியவர், அம்மா ஹேண்ட்பால் ஆடியவர். சோஃபியா, ஜெர்மனியின் லெவர்குசன், லண்டனின் டாட்டன்ஹாம் என்று படிப்படியாக ஏறினார். 2008-ல் மான்செஸ்டர் யுனைடெட் 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவ்வளவு காசுக்கு வியர்வையை லிட்டர் கணக்கில் எதிர்பார்த்தார்கள். மனுஷன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். சோம்பேறி!

அந்தச் சோம்பேறி என்ன செய்தார்? 2008 அக்டோபர், வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டப்போன பந்தைக் காலால் தொட்டு நிறுத்தி, அதே அசைவில் தடுக்க வந்தவரைச் சுற்றிக்கொண்டு போய் ரொனால்டோவிடம் தந்தார். ரொனால்டோவுக்குத் தட்டிவிடுவது மட்டும்தான் வேலை. கோல் கணக்கு ரொனால்டோ பெயரில். அந்த இரண்டு விநாடி மூளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டம் சமம்? சொல்லுங்கள்.

2010 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல். அதில் ஒன்று கோலுக்கு முதுகைக் காட்டியபடி தலைக்கு மேலே உதைத்தது. 1946-க்குப் பிறகு லிவர்பூலுக்கு எதிராக எந்த யுனைடெட் வீரரும் ‘ஹாட்ரிக்’ அடித்ததில்லை. நவம்பரில் பிளாக்பர்னுக்கு ஐந்து. சீஸன் முடிவில் லீக்கில் 20 கோல். டெவெஸுடன் சேர்ந்து முதலிடம். கோப்பையும் யுனைடெட்டுக்கே.

பரிசு என்ன தெரியுமா? 2011 மே 28, வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். ஆடுகிற பதினோரு பேரில் அவர் இல்லை. சரி, மாற்று ஆட்டக்காரர்கள் ஏழு பேரில்? அதிலும் இல்லை!

‘20 கோலில் 11 கோல் மூன்றே ஆட்டங்களில் வந்தது. பெரிய மேட்ச்சில் காணாமல் போவார்’ என்பார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு, லிவர்பூல்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஹெர்னாண்டஸை முதலில் இறக்கியது கோச்சின் உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், லீக்கிலேயே அதிக கோல் அடித்தவனுக்கு பெஞ்சில்கூட இடமில்லை என்றால்? யுனைடெட் 3-1 என்று தோற்றது. பின்தங்கி நிற்கும்போது இறக்கிவிட அந்த ஆள் உடுப்பு மாற்றிக்கொண்டுகூட உட்கார்ந்திருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தது பார்சிலோனா. தாங்கள் ஓடுவதைவிடப் பந்தை ஓடவிட்டவர்கள். மெஸ்ஸி மைதானத்தில் நடந்தால் ‘ஆட்டத்தைப் படிக்கிறார்’. பெர்படோவ் நடந்தால் ‘ஓ.பி. அடிக்கிறார்’. என்ன நியாயம் சார் இது?

வேலையை அளக்கத் தெரியாதவர்கள் வியர்வையை அளப்பார்கள். அது சுலபம், கண்ணுக்குத் தெரியும். ஆபீஸிலும் ராத்திரி எட்டு மணி வரை சீட்டைத் தேய்ப்பவர்தானே உழைப்பாளி? ஐந்தரைக்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறவரை மேனேஜர் எப்படிப் பார்க்கிறார்!

2012 டிசம்பரில் ஃபுல்ஹாமுக்காக கோல் அடித்துவிட்டு, சட்டையைத் தூக்கி உள்பனியனைக் காட்டினார் பெர்படோவ். பதறாமல் பந்தை என்னிடம் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சொன்னது உண்மை என்றாலும் அபராதம் உண்டு.

2019-ல் ஓய்வை அறிவித்துவிட்டார். பல்கேரியாவுக்காக 78 ஆட்டங்களில் 48 கோல். 1994 உலகக் கோப்பை நாயகன் ஸ்டாய்ச்கோவ் அடித்ததே 37-தான். அந்தச் ‘சோம்பேறி’யை ஓடிப்போய் முந்த பல்கேரியாவில் இன்னும் ஒருத்தர் வரவில்லை.