இரத்தச் சீட்டும் இதயத்தின் வலிமையும்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன், மைசூரிலிருந்து ஊர் திரும்பிய அன்று மாலையே ஒரு தடித்த கோப்புடன் நம்மை நாடி வந்தார். அவருடைய தந்தையார் மாரடைப்புக்கு உள்ளாகி, இரத்தக் குழாயின் அடைப்பு நீக்கப்பெற்று, ஸ்டென்ட் பொருத்தப்பெற்று, ஆறாம் நாள் வீடு வந்து சேர்ந்திருந்தார். கோப்பிலிருந்த சீட்டுகள் யாவும் ஆங்கிலம். மருத்துவர் விளக்கியது கன்னடம். வீட்டார் அறிந்தது தமிழ். எக்கோ சீட்டில் 35 என்னும் எண்ணைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். "நூற்றுக்கு முப்பத்தைந்துதானாம், ஐயா. மிச்சம் அறுபத்தைந்தும் போய்விட்டதா?" என்று அவர் கேட்டார். அவருடைய அன்னையார் இரண்டு நாளாகச் சரிவர உணவு கொள்ளவில்லை என்பதும் பேச்சினிடையே தெரியவந்தது.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் இந்த ஒரு கேள்விக்கு விடை கூற மருத்துவராக இருக்க வேண்டுவதில்லை. இதயத்தின் இடக்கீழறை இரத்தத்தால் நிறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதில் ஒரு பகுதியை உடலுக்குத் தள்ளுகிறது. நிறைந்ததில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதே அந்த எண். நன்னிலையிலுள்ள இதயமும் நூறு பங்கைத் தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரையே தள்ளும். குடத்தை ஒரே மூச்சில் கவிழ்த்துவிடுவது இதயத்தின் வழக்கமன்று. ஆகவே 35 என்பதை 100 உடன் ஒப்பிடாமல் 60 உடன் ஒப்பிட வேண்டும். பள்ளித் தேர்வு மதிப்பெண்ணைப் போல இதனைப் படித்ததுதான் அவ்வீட்டார் செய்த பிழை. அதற்காக இவ்வெண்ணை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. 40க்குக் கீழே என்றால் இதயத்தின் வலிமை மெய்யாகவே குன்றியுள்ளது என்று பொருள். அதற்கெனத் தனி மருந்துகள் உண்டு.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னோம். மாரடைப்புக்குப் பின் முதல் சில நாளில் எடுக்கும் எக்கோ இறுதித் தீர்ப்பாகாது. இரத்தம் தடைப்பட்ட தசையில் ஒரு பகுதி மடிந்துபோகும். மற்றொரு பகுதி மடியாமல், அதிர்ச்சியுற்றவன் வாயடைத்து நிற்பதுபோல, வேலை செய்யாது திகைத்து நிற்கும். 1982ஆம் ஆண்டில் பிரவுன்வால்டு, குளோனர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் இந்நிலையை விளக்கி எழுதினர். இரத்த ஓட்டம் மீண்டபின் இத்தகைய தசை சில நாளிலோ சில வாரங்களிலோ தன் தொழிலுக்குத் திரும்பக்கூடும். ஆதலால்தான் ஆறு வாரம் முதல் மூன்று திங்களுக்குள் மறுபடியும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். எண் 35க்கு மேல் ஏறாதவர்க்கு, திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவியைப் பொருத்தலாமா என்பதையும் மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள் கழித்தே, ஸ்டென்ட் வைத்தவர்க்கு மூன்று திங்கள் கழித்தே, முடிவு செய்வர். அந்த மறு எக்கோவை, "இப்போது நன்றாகத்தானே நடமாடுகிறார்!" என்று தள்ளிவிடும் குடும்பங்கள் நம்மிடையே பல.

இனி இரத்தச் சீட்டுக்கு வருவோம். அதில் 'ட்ரோபோனின்' என்று ஒரு பெயர் இருக்கும். இது இதயத் தசைக்குள் உறையும் ஒரு புரதம். தசை அடிபட்டால் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. 1954 முதல் கல்லீரல் நோய்க்கும் பார்க்கப்பெறும் எஸ்.ஜி.ஓ.டி. என்னும் பொருளைக் கொண்டே மாரடைப்பை உறுதி செய்தார்கள், பின்னர் ஸி.கே.-எம்.பி. வந்தது, 1989இல் ஜெர்மனியில் காட்டுஸ் குழுவினர் ட்ரோபோனினை அளக்கும் வழி கண்டனர். ஸி.கே.-எம்.பி. இரண்டு மூன்று நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ட்ரோபோனினோ ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம் வரை உயர்ந்தே நிற்கும். வீடு திரும்பிய பிறகும் அது மிகுந்திருக்கக் கண்டு, மீண்டும் மாரடைப்போ என்று அஞ்ச வேண்டா.

அஞ்ச வேண்டிய இடம் வேறு. வலி தொடங்கி ஒரு மணி நேரத்திற்குள் இரத்தம் எடுத்தால், மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே ட்ரோபோனின் இயல்பாகக் காட்டக்கூடும். பழைய முறைச் சோதனையில் அது ஏறித் தெரிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நுண்ணிய புதிய சோதனையில் சற்று முன்னதாகத் தெரியும். எனவேதான் சில மணி கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஏற்றமோ இறக்கமோ இருப்பதே சான்று. சிறுநீரக நோயுடையார்க்கு எப்போதுமே சிறிது மிகுந்திருக்கலாம் என்பதால் ஒற்றை எண்ணைக் கொண்டு முடிவு கட்டுவதில்லை. "ஒருமுறை பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், வாயுதான்" என்று இரவோடிரவாக வீடு திரும்பியவர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் மறுநாள் இல்லை.

வேறு சிலர் இரத்தச் சீட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பெரிய குழாய் முழுதும் அடைபட்ட மாரடைப்பை ஈ.சி.ஜி. காட்டிவிடும், அங்கே இரத்தச் சோதனைக்காகச் சிகிச்சை நிற்பதில்லை. 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதிலேயே மறைந்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரால், 'ஹிருதய ஜோதி' என்னும் திட்டத்தைக் கர்நாடக அரசு நடத்தி வருகிறது. தாலுகா மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யைத் தொலைவிலுள்ள இதய வல்லுநர் பார்த்துச் சொல்ல, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே விலையின்றிப் போடுகிறார்கள். புனித்தின் தந்தையார் பிறந்த ஊர் தாளவாடிக்கு அருகிலுள்ள காஜனூர். அவர் பெயர் இப்பகுதிக்கு அயலன்று.

இதனை இங்கு விரித்து எழுதக் காரணம் உண்டு. நெஞ்சு வலித்ததும் "நம் ஊருக்கே கொண்டுபோய்விடுவோம், கோயம்புத்தூரில் நம் மொழி பேசும் டாக்டர் இருக்கிறார்" என்னும் எண்ணம் நம்மவர்க்கு இயல்பாக எழுகிறது. பிறந்த ஊர்ப்பற்றை நாம் குறை கூறோம். ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள்; 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. அவசர ஊர்திக்கு விலக்கு இருப்பினும் வளைவுகள் குறைவதில்லை. மைசூரோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர், சமவெளிச் சாலை. நகரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. கன்னடம் திருத்தமாக வாராதென்று தயங்கவும் வேண்டா. 108ஐ அழைத்து "எதெ நோவு" என்னும் இரு சொற்களைச் சொன்னால் போதும்.

2025 ஜூன், ஜூலைத் திங்களில் ஹாசன் மாவட்டத்து மரணச் செய்திகள் பரவியபோது, மைசூர் ஜயதேவ மருத்துவமனையின் வாயிலில் விடியற்காலை முதலே மக்கள் திரண்டு நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரசு அமைத்த குழு ஆராய்ந்து, மாரடைப்பு வழக்கத்திற்கு மாறாகப் பெருகிவிடவில்லை என்று தெரிவித்தது. அன்று நின்றவர்களின் அச்சத்தை நாம் எள்ளமாட்டோம். எனினும் ட்ரோபோனின் சோதிடம் அன்று. இன்று தசை அடிபட்டிருக்கிறதா என்பதை அது சொல்லும். வரும் ஆண்டைப் பற்றிச் சொல்லாது. அதனை ஓரளவு சொல்லக்கூடியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைக்கும் பழக்கம் ஆகியவை.

மாரடைப்புக்குப் பின் சிலர்க்கு என்.டி.-புரோ பி.என்.பி. என்று ஒன்றும் பார்ப்பார்கள். இதயத்தின் சுவர் அழுத்தத்தால் விரிந்து திணறும்போது சுரப்பது அது. 1988இல் ஜப்பானியர் பன்றியின் மூளையில் முதலில் கண்டதால் மூளையின் பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது, ஊற்றெடுப்பதோ இதயத்தில். முதுமையிலும் சிறுநீரகக் குறையிலும் கூடும்; உடல் பருத்தவர்க்குக் குறைந்து காட்டும். ஆகவே அண்டை வீட்டார் எண்ணுடன் நம் எண்ணை ஒப்பிடுவதால் பயனில்லை. நம் பழைய எண்ணுடன் ஒப்பிடலாம். காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு: எடைப்பொறி. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டித் தலையணை கூட்ட நேர்ந்தாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அன்று கோப்புடன் வந்த இளைஞர் இப்போது சீட்டுகளை நாள் வரிசையில் அடுக்கிவிட்டார்: முதல் ஈ.சி.ஜி. மேலே, அதன்கீழ் ட்ரோபோனின் இரண்டும் எடுத்த நேரத்துடன், பின்னர் எக்கோ, இறுதியில் மருந்துச் சீட்டு. அன்னையாரும் உணவு கொள்கிறார். மறு எக்கோ வரும் திங்களில். எண் ஏறினாலும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தலாகாது என்று கூறியனுப்பினோம். அம்மாத்திரைகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். அடுத்த இதழில் எழுதுவோம்.