பாறுகள் வாழும் பாறை

பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள இராமநகரக் குன்றுகளில்தான் ‘ஷோலே’ (1975) படமாக்கப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டி அறிந்திருப்பார்கள். விடுமுறை நாள்களில் இளைஞர் பலர் அங்குப் பாறையேறச் செல்கின்றனர். நல்ல பயிற்சிதான். பிடிப்பற்ற கல்லைக் காலால் அழுத்திப் பார்த்த பின்னரே அதன்மீது எடையை ஏற்ற வேண்டும். உருளும் கல் பின்னால் வருபவரைத் தாக்கும்.

அங்குள்ள இராமதேவர பெட்டாவைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. அதன் செங்குத்துப் பாறைகளில் பாறுகள் கூடு கட்டுகின்றன. (பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழந்தமிழ்ப் பெயர்.) அவை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்லோஃபெனாக் மருந்தால் இந்தியாவில் அவ்வினமே அருகிவிட்டது. அக்குன்று 2012இல் சரணாலயமாயிற்று. ஒரு கல் உருண்டால் ஓராண்டின் குஞ்சு போய்விடும். ஆதலால், கூடுள்ள பாறையில் எவரும் ஏறலாகாது. கோயிலுக்குச் செல்லும் படிகளே நமக்குப் போதும்.